கோட்டின் மேல் என்ன எழுதினாய்?

நம் அறிவியல் பாடநூல்களில் பாடம் முடிந்ததும், பயிற்சி வினாக்களுக்குப் பக்கத்தில், ‘கருத்து வரைபடம்’ என்று ஒன்று வரும். மேலே ஒரு பெட்டி, அதிலிருந்து பிரியும் பெட்டிகள், அம்புக்குறிகள். பிள்ளைகள் அதை நின்று பார்க்காமல் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பரீட்சையில் வராது என்பது ஒரு காரணம். பரீட்சையை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் அவர்கள் செய்வது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேறொருவர் யோசித்து முடித்த படத்தில் பிள்ளைக்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது?

உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பல வருடங்களாகக் கருத்து வரைபடத்தை வகுப்பில் பயன்படுத்துகிறேன். அது தெரிந்த தோழிகள், “உனக்குப் பிடிச்ச விஷயத்தைத்தானே புத்தகத்துல போட்டிருக்காங்க, அப்புறம் என்ன குறை?” என்று கேட்பார்கள். குறை என்னவென்றால், அந்தப் படம் எதற்காகப் பிறந்ததோ அதற்கு நேர்மாறாகப் பயன்படுகிறது. பாடத்தைச் சுருக்கிப் பிள்ளைக்குக் கொடுப்பதற்காக அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிள்ளையின் தலைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பெரியவர்கள் பார்ப்பதற்காகக் கண்டுபிடித்தார்கள்.

1970களின் தொடக்கம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவக் என்ற பேராசிரியருக்கு ஒரு கேள்வி இருந்தது. ஆறேழு வயதுக் குழந்தைகளுக்கு மூலக்கூறு, ஆற்றல் போன்றவற்றைச் சொல்லிக்கொடுத்தால் புரியுமா? அந்த வயதில் இப்படிப்பட்ட கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரங்கள் ஏறாது என்பதே அன்றைய பொதுவான எண்ணம். நோவக்கின் குழு ஒலிநாடாவோடு கூடிய 28 பாடங்களைத் தயாரித்து, முதல் இரண்டு வகுப்புகளில் 191 குழந்தைகளுக்குக் கொடுத்தது. அதே பள்ளிகளில் இந்தப் பாடங்களைக் கேட்காத 48 குழந்தைகளை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டது. அப்புறம் பன்னிரண்டாம் வகுப்பு வரை அவர்களைப் பின்தொடர்ந்து, அவ்வப்போது உட்காரவைத்துப் பேசியது.

பேசியதெல்லாம் எழுத்தாக்கப்பட்டுக் கட்டுக்கட்டாகச் சேர்ந்தது. ஒரே குழந்தை முன்பு சொன்னதற்கும் பின்பு சொன்னதற்கும் என்ன வித்தியாசம் என்று அந்தக் குவியலில் தேடுவது நடக்கிற காரியமாக இல்லை. 1972இல் அவர்கள் ஒரு வழி கண்டார்கள். குழந்தை சொன்ன கருத்துகளை வட்டங்களில் எழுதினார்கள். இரண்டு கருத்துகளைக் குழந்தை எப்படித் தொடர்புபடுத்தியது என்பதை நடுவிலுள்ள கோட்டின் மேல் எழுதினார்கள். பல பக்கப் பேச்சு ஒரே தாளில் அடங்கியது. இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்தால் எது வளர்ந்தது, எது அப்படியே கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. கருத்து வரைபடம் இப்படித்தான் வந்தது. வரைந்தவர்கள் ஆய்வாளர்கள், மாணவர்கள் கையில் அது பிற்பாடுதான் போனது.

இதற்கு அடிப்படையாக அவர்கள் எடுத்துக்கொண்டது டேவிட் ஆசுபெல் என்ற உளவியலாளரின் கருத்து. கற்றலைத் தீர்மானிப்பதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது, கற்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதே. அதைக் கண்டுபிடித்துவிட்டு அதற்கேற்பக் கற்பியுங்கள் என்று 1968இல் வந்த தன் கல்வி உளவியல் நூலில் அவர் எழுதினார். கேட்பதற்கு யாருக்கும் தெரிந்த விஷயம்போல் இருக்கும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ‘அதைக் கண்டுபிடிப்பது’ எப்படி என்பதுதான் சிக்கல்.

என் வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு, தாவரங்கள் பற்றிய பாடம். ‘ஒளிச்சேர்க்கை’ என்று தலைப்பைக் கொடுத்து வரையச் சொன்னால், புத்தகத்தில் இருப்பது அப்படியே வரும். தலைப்புக்குப் பதிலாக ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதுவேன்: “ஒரு பெரிய மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?” கீழே பத்துப் பன்னிரண்டு சொற்கள்: இலை, வேர், நீர், மண், உரம், சூரிய ஒளி, பச்சையம், கார்பன் டை ஆக்ஸைடு, ஆக்ஸிஜன், குளுக்கோஸ், ஸ்டார்ச், மரக்கட்டை. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருப்பேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், ஒரு சொல் எழுத அளவாக இருக்கும், காசும் கிடையாது. இரண்டு பேருக்கு ஒரு கட்டு. சொற்களை எழுதித் தரையில் பரப்பி, நகர்த்தி நகர்த்திப் பார்த்து, மனசுக்குச் சரியென்று பட்ட பிறகுதான் நோட்டில் ஏற்ற வேண்டும். நேரடியாக நோட்டில் வரையச் சொன்னால், முதலில் எழுதியதை அழிக்க மனம் வராமல் அதைச் சுற்றியே மற்றதையெல்லாம் ஒட்டவைப்பார்கள்.

முதல் தடவை செய்யும் பிள்ளைகள் சொற்களை அழகாகக் கோடு போட்டு இணைத்துவிட்டு, “முடிச்சிட்டோம் டீச்சர்” என்பார்கள். கோடுகள் மொட்டையாக இருக்கும். அந்தக் கோட்டின் மேல் என்ன எழுதினாய் என்பதுதான் நான் கேட்கும் ஒரே கேள்வி. ‘வேர்’, ‘மண்’ இரண்டையும் ஒரு கோட்டால் சேர்த்தால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை, எல்லோரும் சேர்ப்பார்கள். கோட்டின் மேல் ஒரு வினையை எழுதியதும் அது ஒரு வாக்கியம் ஆகிவிடுகிறது. வாக்கியம் என்றால் சரியாகவோ தப்பாகவோ இருந்துதானே ஆகவேண்டும்.

இங்கே தமிழில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று வரிசை போவதால், பெட்டி, கோடு, பெட்டி என்று படித்தால் வாக்கியம் தானாக வந்துவிடும். நமக்கு வினை கடைசியில் வரும். ‘இலை ஸ்டார்ச்சைத் தயாரிக்கிறது’ என்பதில் ‘தயாரிக்கிறது’ என்பதை நடுக்கோட்டில் எழுதினால் ‘இலை தயாரிக்கிறது ஸ்டார்ச்’ என்று பழைய சினிமா சுவரொட்டி மாதிரி ஆகிவிடும். வேற்றுமை உருபை எங்கே போடுவது என்பது இன்னொரு தொல்லை. பெட்டிக்குள் ‘ஸ்டார்ச்சை’ என்று எழுதினால், அந்தப் பெட்டியிலிருந்து அடுத்த கோடு கிளம்ப முடியாது. மொழிபெயர்த்த பாடநூல் படங்களில் கோடுகள் வெறுமையாக இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

வழியைக் காட்டியது பிள்ளைகள்தான். ஒரு ஜோடி ‘இலை — தயாரிப்பது — ஸ்டார்ச்’ என்று எழுதியிருந்தது. ‘வேர் — உறிஞ்சுவது — நீர்’. சரளமாகப் படிக்க முடிந்தது, பெட்டிக்குள் உருபும் தேவைப்படவில்லை. உருபு இல்லாமல் முடியாத இடங்களில் ‘இதற்கு வேண்டியது’, ‘இதில் இருப்பது’, ‘இதனால் உண்டாவது’ என்று ஒரு சுட்டுப்பெயரைக் கோட்டிலேயே சேர்த்துக்கொண்டார்கள். ‘ஒளிச்சேர்க்கை — இதற்கு வேண்டியது — சூரிய ஒளி’. இப்போது எல்லா வகுப்புக்கும் இதையே முதல் நாளில் சொல்லிவிடுகிறேன். தமிழில் இதைச் செய்துபார்க்க நினைக்கும் ஆசிரியர்கள் இந்த ஒன்றை எடுத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

சரி, மரத்தின் எடைக்கு வருவோம். எல்லா வருடமும் பாதிக்குமேல் ஜோடிகள் எழுதுவது இதுதான்: ‘வேர் — உறிஞ்சுவது — உணவு’. அல்லது ‘மண் — கொடுப்பது — உணவு’. ‘உணவு’ என்ற சொல்லே நான் கொடுத்த பட்டியலில் கிடையாது, அவர்களாகச் சேர்த்துக்கொள்வது. இதே பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்தே ‘தாவரங்கள் தமக்குத் தேவையான உணவைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன’ என்று எழுதி மார்க் வாங்கியவர்கள். அயோடின் சொட்டு விட்டு இலை கருநீலமாக மாறுவதைப் பார்த்தவர்கள். கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னால் இன்றும் சரியாகத்தான் எழுதுவார்கள். வரைபடத்தில்தான் குட்டு வெளிப்படும்.

“டீச்சர், உரம் போட்டாத்தானே செடி வளருது? அப்ப அது சாப்பாடு இல்லையா?” என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் விவசாய வீடு. யூரியா போட்ட வயல் ஒரு வாரத்தில் கரும்பச்சையாக மாறுவதைக் கண்ணால் பார்த்தவர்களிடம், ‘உரம் உணவல்ல’ என்று ஒரு வரி சொன்னால் போதுமா? நோட்டில் எழுதிக்கொள்வார்கள். நம்ப மாட்டார்கள்.

அந்த இடத்தில் வான் ஹெல்மான்ட்டின் கதையை நிறுத்தி நிதானமாகச் சொல்வேன். 17ஆம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்தவர். ஒரு பெரிய தொட்டியில் உலர்த்திய மண்ணை 200 பவுண்டு நிறுத்துப் போட்டார். ஏறக்குறைய 90 கிலோ. அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டார். 5 ஆண்டுகள் தண்ணீர் தவிர வேறெதுவும் ஊற்றவில்லை. பிறகு பிடுங்கி நிறுத்தால் மரம் ஏறக்குறைய 169 பவுண்டு. மண்ணை மறுபடி உலர்த்தி நிறுத்தால் சுமார் 2 அவுன்ஸ்தான் குறைந்திருந்தது, அறுபது கிராம்கூட இல்லை. அவர் இறந்தபின் 1648இல் வெளிவந்த நூலில் இது இருக்கிறது.

கதை முடிந்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். ‘மண் — கொடுப்பது — உணவு’ என்ற கோட்டைத் தாங்களே அடிப்பார்கள். ஆனால் அடித்த கையோடு ‘நீர் — இதனால் உண்டானது — மரக்கட்டை’ என்று எழுதிவிடுவார்கள். வான் ஹெல்மான்ட்டும் அதே முடிவுக்குத்தான் வந்தார்: மரம் முழுக்க நீரிலிருந்து வந்தது என்றார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த பகுதி. ‘கேஸ்’ என்ற சொல்லை அறிவியலுக்குத் தந்தவரே இந்த வான் ஹெல்மான்ட்தான். 62 பவுண்டு கரியை எரித்தால் 1 பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது, மீதியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றாகப் போய்விடுகிறது என்று எழுதியவரும் அவரே. அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத்தான் இன்று கார்பன் டை ஆக்ஸைடு என்கிறோம். எரித்தால் மரம் காற்றாகப் போகிறது என்பது அவருக்குத் தெரியும். அந்தக் காற்றிலிருந்தே மரம் வந்திருக்கலாம் என்ற கோட்டை மட்டும் அவர் போடவில்லை. இரண்டு பெட்டிகளும் அவர் கையில் இருந்தன, நடுவில் கோடு இல்லை. இதைச் சொல்லிவிட்டு, “உங்க படத்துல கார்பன் டை ஆக்ஸைடு எங்கே கிடக்குது, பாருங்க” என்பேன். பெரும்பாலும் ஒரு மூலையில், இலையிலிருந்து ஒற்றைக் கோட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். மரக்கட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. உலர்ந்த மரத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி கார்பன். அது முழுக்க அந்த மூலையில் கிடக்கும் பெட்டியிலிருந்து வந்தது. அந்தக் கோட்டைப் போட்டு ‘இதிலிருந்து வந்தது’ என்று எழுத ஒரு ஜோடிக்குக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை நடக்கும் சண்டைதான் பாடம்.

“காத்துல போயி எடை இருக்குமாடி?”

“சிலிண்டர்ல இல்லையா? காலி சிலிண்டர், ஃபுல் சிலிண்டர் தூக்கிப் பார்த்ததில்ல?”

இந்தச் சிலிண்டர் வாதம் என் கையில் இல்லாத ஒன்று. சமையல் சிலிண்டரில் இருப்பது அழுத்தத்தில் திரவமான வாயு என்று குறுக்கே விழுந்து திருத்தத் தோன்றும். வாயை மூடிக்கொண்டிருப்பேன், அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படி வரைபடத்தின் ஒரு பகுதியிலிருந்து தூரத்திலுள்ள இன்னொரு பகுதிக்குப் போகும் கோட்டைக் குறுக்கு இணைப்பு என்பார்கள். நோவக்கும் அவருடைய சக பேராசிரியர் கோவினும் 1984இல் எழுதிய நூலில் மதிப்பெண் போடும் முறை ஒன்றைக் கொடுத்தார்கள்: சரியான ஒவ்வொரு இணைப்புக்கும் 1, மேலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு படிநிலைக்கும் 5, பொருளுள்ள குறுக்கு இணைப்புக்கு 10. குறுக்கு இணைப்புக்கு ஏன் அவ்வளவு என்பது மேலே சொன்னதிலிருந்தே புரியும். ஆனால் வகுப்பில் இந்த மதிப்பெண் முறையை நான் பயன்படுத்துவதில்லை. பத்து மார்க் என்று சொன்ன நிமிடத்திலிருந்து பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் எதோடு வேண்டுமானாலும் முடிச்சுப் போடுவார்கள்.

மதிப்பெண்ணைவிட எனக்கு உதவியது இயன் கின்சின் என்பவரும் அவருடைய சகாக்களும் 2000இல் சொன்ன எளிமையான வகைப்பாடு. வரைபடங்களை மொத்தமாகப் பார்த்தால் மூன்று வடிவம் என்றார்கள்: நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் கிளம்பும் ஆரம், ஒன்றன்பின் ஒன்றாக நீளும் சங்கிலி, வலை. வகுப்பில் முதல் மார்க் எடுக்கும் பிள்ளையின் படம் வலையாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். என் அனுபவத்தில் பல சமயம் அது பிசிறில்லாத சங்கிலி. சூரிய ஒளி, பச்சையம், ஒளிச்சேர்க்கை, குளுக்கோஸ், ஸ்டார்ச்: புத்தகத்தில் பத்தி எந்த வரிசையில் போகிறதோ அதே வரிசை. அந்தப் பிள்ளையிடம், “ராத்திரியில் இதில் எது நிற்கும்?” என்று கேட்டால் திணறும். நடுவில் ஒரு கண்ணியை எடுத்தால் மீதியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாது. கடைசி பெஞ்சில் மூன்று கோடு தப்பாகப் போட்டிருக்கும் பையனின் படம் வலையாக இருக்கும். தப்பை மாற்றினால் மீதி தாங்கிக்கொள்ளும்.

ராத்திரி என்றதும் புளியமரம் ஞாபகம் வருகிறது. ‘புளியமரத்தடியில் ராத்திரி படுக்கக் கூடாது, கார்பன் டை ஆக்ஸைடு விடும்’ என்று எங்கள் ஊரில் பேயை அறிவியலாக்கிச் சொல்வார்கள். பிள்ளைகளின் படத்தில் இது ‘தாவரம் — பகலில் வாங்குவது — கார்பன் டை ஆக்ஸைடு’, ‘தாவரம் — இரவில் விடுவது — கார்பன் டை ஆக்ஸைடு’ என்று வரும். சுவாசம் இரவு வேலை, ஒளிச்சேர்க்கை பகல் வேலை என்று ஷிஃப்ட் பிரித்துவிடுவார்கள். தாவரம் இருபத்து நாலு மணி நேரமும் சுவாசிக்கிறது, பகலில் ஒளிச்சேர்க்கை அதைவிட வேகமாக நடப்பதால் சுவாசம் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். ராத்திரி மரம் விடும் சொற்ப வாயுவும் திறந்த வெளியில் கலைந்துபோகும். இந்தத் தவறைக் கேள்வி-பதிலில் நான் பிடித்ததே இல்லை. ‘சுவாசம் — நடப்பது — இரவு’ என்று ஒரு கோட்டில் எழுதினால் உடனே சிக்கிவிடும்.

இனி இதற்கு எதிராகச் சொல்லப்படுவதையும் பார்க்க வேண்டும். 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி கார்பிக், ஜேனல் பிளண்ட் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் ஓர் அறிவியல் கட்டுரையைப் படித்தார்கள். ஒரு குழு கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்தது. இன்னொரு குழு அதை மூடிவைத்துவிட்டு, ஞாபகம் இருப்பதை எழுதியது, மறுபடி படித்து மறுபடி எழுதியது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால், மூடிவைத்து எழுதியவர்கள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். கடைசித் தேர்வே வரைபடம் வரைவதாக இருந்தபோதும் அவர்களே முன்னால். வேடிக்கை என்னவென்றால், எந்த முறையில் அதிகம் ஞாபகம் இருக்கும் என்று மாணவர்களைக் கேட்டபோது அவர்கள் சொன்னது வேறு மாதிரி.

வரைபடக்காரர்கள் பலருக்கு இது கசந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. புத்தகத்தைத் திறந்துவைத்து வரைவது பெரும்பாலும் இடம் மாற்றி எழுதும் வேலைதான். சங்கிலி வரும் இடமும் அதுதான். அதே இருவர் 2014இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில், புத்தகத்தை மூடிவிட்டு வரைபடம் வரையவைத்தபோது, பத்தியாக எழுதியதற்கு இணையான பலன் கிடைத்தது. ஆகவே என் வகுப்பில் ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு: புத்தகம் பைக்குள். படம் முடிந்த பிறகு வெளியே எடுத்து, வேறு நிறப் பேனாவால் திருத்திக்கொள்ளலாம். இரண்டு நிறமும் நோட்டில் அப்படியே இருக்க வேண்டும்.

மனவரைபடம் என்பது வேறு. படைப்பாற்றல் கல்வி வந்த காலத்தில் நடுநிலை வகுப்புகளில் அதைத் தினமும் வரையவைத்தோம். நடுவில் தலைப்பு, சுற்றிலும் வண்ணக் கிளைகள். எண்ணங்களைக் கொட்ட அது நல்லது. கோட்டில் ஒன்றும் எழுத வேண்டியதில்லை என்பதால் அதில் யாரும் தப்பு செய்ய முடியாது. என் தேவைக்கு அதுதான் குறை.

கணினியில் வரைவதற்கு சிமேப்டூல்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் பென்சகோலாவிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனம் செய்தது. நாசாவின் ஏம்ஸ் மையத்தில் செவ்வாய்க் கோளைப் பற்றிய பெரிய வரைபடத் தொகுப்பையே அதில் உருவாக்கினார்கள். ஆசிரியர்கள் தங்களுக்காக வரைந்துபார்க்க நன்றாக இருக்கும். பிள்ளைகளுக்குக் காலண்டர் தாளே மேல். மென்பொருளில் பெட்டியின் நிறத்தை மாற்றுவதிலேயே பீரியட் முடிந்துவிடும்.

நேரம்தான் உண்மையான பிரச்சினை. நாற்பது நோட்டைத் திருத்த ஒரு மாலை போதாது. நான் எல்லாவற்றையும் படிப்பதில்லை. அந்தப் பாடத்தில் எங்கே சறுக்குவார்கள் என்று தெரிந்த இரண்டு மூன்று சொற்களைத் தேர்ந்துகொண்டு, அவற்றைத் தொடும் கோடுகளை மட்டும் பார்ப்பேன். இந்தப் பாடத்தில் உரம், கார்பன் டை ஆக்ஸைடு. ஒரு நோட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அவசரத்துக்குப் புத்தகப் படத்தையே பயன்படுத்த வேண்டிவந்தால் பெட்டிகளை நிரப்பி, கோடுகளை வெற்றிடமாக விட்டுக் கொடுப்பேன். பெட்டியை வெற்றிடமாக விட்டால் அது ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’தான்.

எழுதவே வராத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்து, சொல்லச் சொல்ல நானே வரைவேன். நோவக் குழு ஆதியில் செய்ததும் இதுதானே. ஒரு பையன், ஒன்பதாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், உரத்தைப் பற்றிக் கேட்டதும் சொன்னான்: “அதிகமா போட்டா பயிர் கருகிடும் டீச்சர். சாப்பாடா இருந்தா எப்படிக் கருகும்? அது உப்பு மாதிரி, கொஞ்சம்தான் வேணும்.” எந்த ஜோடியும் அந்த வருடம் எழுதாத கோடு அது: ‘உரம் — கொடுப்பது — கொஞ்சமாக வேண்டிய உப்புகள்’. அவன் பெயரைப் போட்டுக் கரும்பலகையில் வரைந்தேன். அதற்கப்புறம் மண்ணிலிருந்து குறைந்த அந்த 2 அவுன்ஸ் என்னவாக இருக்கும் என்று விளக்க எனக்கு வேலையே இருக்கவில்லை.

வருடக் கடைசியில் திருப்புதலின்போது அதே கேள்வியை மறுபடி கொடுப்பேன். பெரும்பாலோர் படத்தில் கார்பன் டை ஆக்ஸைடிலிருந்து மரக்கட்டைக்குக் கோடு இருக்கும். அவர்களில் சிலர் படத்தில், கீழே, ‘வேர் — உறிஞ்சுவது — உணவு’ என்பதும் இருக்கும். இரண்டும் ஒரே தாளில், ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல். அந்த நோட்டுகளைத் தனியாக எடுத்து, பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியரிடம் கொடுத்துவிடுகிறேன். ஜூனில் அவர் தாவரப் பாடத்தைத் தொடங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.